அப்பாவுக்கு வசனம் புரியவில்லை: பழைய 5.1 செட்டை 25,000 ரூபாய்க்குள் மாற்ற யோசனை வேண்டும்

கெடிலக்கரை, கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் முழுதாகச் சொன்னால்தான் சரியான பதில் வரும் என்று நினைக்கிறேன்.

வீடு மஞ்சக்குப்பத்தில். ஹால் 16 அடிக்கு 11 அடி. மேலே கான்கிரீட், கீழே மொசைக், இடது பக்கம் இரண்டு பெரிய கண்ணாடி ஜன்னல்கள். நீளவாக்குச் சுவரில் பழைய தேக்கு ஷோகேஸ், அதில் 43 இஞ்ச் டிவி. அப்பாவின் சாய்வு நாற்காலி எதிர்ச் சுவரை ஒட்டி, டிவியிலிருந்து ஒன்பதடியில் இருக்கிறது.

செட் 2009ல் வாங்கிய டிவிடி ஹோம் தியேட்டர். ஐந்து சின்ன ஸ்பீக்கர், பாஸுக்கென்று ஒரு சப்வூஃபர் (5.1 என்பது இந்தக் கணக்குதான்), எல்லாவற்றின் பின்னாலும் 3 ஓம் என்று மின்தடை போட்டிருக்கிறது. டிவிடி தட்டு எப்போதோ நின்றுவிட்டது. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் இழுத்துச் செட்டின் ஆக்ஸ் துளையில் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த விடியலில் கதவிடுக்கு வழியே வந்த தண்ணீர் சப்வூஃபர் பெட்டியின் அடியில் தேங்கி, பலகை ஒரு மூலையில் உப்பிப்போனது. அப்புறமும் அது பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது பிரச்சினை அப்பா. அவருக்கு 74 வயது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டாக்கீஸில் 26 வருடம் ஆபரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வசனத்துக்கும் வாயசைவுக்கும் மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் இன்று செய்தி பார்க்கும்போதுகூட "என்னப்பா சொன்னான்?" என்று என்னைக் கேட்கிறார். வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார். ஏற்றியதும் சண்டைக் காட்சி வந்தால் வீடு அதிர்கிறது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடுகிறது. உடனே குறைப்பார். குறைத்ததும் வசனம் போய்விடும். இப்படி ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மனிதர் படம் பார்ப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. போன மாதத்திலிருந்து அவர் ஹாலுக்கு வருவதே குறைந்துவிட்டது.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கடையில் கேட்டால் ஆயிரம் வாட்ஸ் டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், காது கேட்காதவருக்கும் கேட்கும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கேள்விகள்: செகண்ட் ஹேண்டில் ஒரு ஏவி ரிசீவர் (ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வாங்கி இந்தப் பழைய ஸ்பீக்கர்களையே மாட்டலாமா? இல்லை, எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரு சவுண்ட்பார் போதுமா? டிவியில் ஒலியை வெளியே அனுப்ப எச்டிஎம்ஐ ஏஆர்சி துளை இருக்கிறது, ஆப்டிகல் துளையும் இருக்கிறது.

---

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வணக்கம் நண்பரே. என் அம்மாவுக்கும் இதே தொல்லைதான். நான் சவுண்ட்பார் வாங்கினேன், சொல்கிறேன் கேளுங்கள். முதலில் வாங்கியது 2.1. டிவியைவிடச் சத்தம் அதிகம், அவ்வளவுதான். வசனம் தெளியவில்லை. அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு 3.1 வாங்கினேன். நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ளது. ரிமோட்டில் "வாய்ஸ்" என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் அம்மாவுக்குப் புரிகிறது. ஒரே ஒயர், பத்து நிமிட வேலை. வீட்டில் பெரியவர்கள் தாங்களே போட்டு அணைக்க வேண்டுமென்றால் இதுதான் சுலபம். ரிசீவர் வாங்கினால் அதன் ரிமோட்டைப் பழக்குவதே ஒரு வேலை.

---

லாஸ்பேட்டை, புதுச்சேரி

கெடிலக்கரை சார், உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் ஒரு கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், வீட்டில் பதினைந்து வருடமாக இதே பைத்தியம். முத்தியால்பேட்டை நண்பர் சொன்ன 3.1 சவுண்ட்பார் தப்பில்லை. ஆனால் உங்கள் ஹாலை நீங்கள் விவரித்த விதத்தைப் பார்த்தால், எதை வாங்கி வைத்தாலும் பாதிப் பணம் வீண்தான். காரணம் அந்த அறை.

இந்த வாரம் எதுவும் வாங்க வேண்டாம். முதலில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஒரு முறை பலமாகத் தட்டுங்கள். "டப்" என்று நின்றால் நல்லது. "டர்ர்" என்று ஒரு இழுப்பு வந்தால், பேசும் ஒவ்வொரு எழுத்தின் மேலும் அந்த இழுப்பு ஏறி உட்காருகிறது என்று அர்த்தம். சிமெண்டுச் சுவர், மொசைக், கண்ணாடி மூன்றும் ஒலியை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும். அதிலும் அவர் தலைக்குப் பின்னால் உடனே சுவர். ஸ்பீக்கரிலிருந்து வருவதும் சுவரில் பட்டு வருவதும் காதில் கலந்துவிடுகின்றன.

வயதானால் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியைத்தான். உயிரோசையின் வலு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். க, ச, ட, த, ப என்று வல்லினத்தைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. அதனால் அப்பாவுக்குச் சத்தம் கேட்கும், "பட்டு" என்றார்களா "பத்து" என்றார்களா என்பதுதான் தெரியாது. வால்யூமை ஏற்றினால் ஏற்கெனவே கேட்கும் உயிரோசைதான் இன்னும் முழங்கும். ஆயிரம் வாட்ஸ் எதற்கும் உதவாது என்பது இதனால்தான். அந்த ஆயிரமும் பெரும்பாலும் பெட்டியில் அச்சடித்த ஆயிரம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். உங்கள் ஹாலில் ஒன்பதடி தூரத்தில் வசனம் கேட்க நாலைந்து வாட்ஸ் தாராளம்.

சரி, செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது: நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள். பின்சுவரில் அவர் தலை உயரத்துக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திப் பாருங்கள். வெறும் ஜமுக்காளமோ பாயோ மெல்லிசு, மேல் சுருதியை மட்டும் கொஞ்சம் குடிக்கும். மெத்தை கனமானது, பேச்சு இருக்கும் இடத்தையும் சேர்த்துக் குடிக்கும். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாக விழும் கனத்த திரை. டிவிக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் கம்பளம். அப்புறம் திரும்பவும் கைதட்டிப் பாருங்கள்.

செண்டர் ஸ்பீக்கர் இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஷோகேஸின் மேல்தட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டோ, உள்தட்டில் புத்தகங்களுக்கு நடுவிலோ இருக்கும் என்று நினைக்கிறேன். டிவிக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். தட்டின் விளிம்புக்கு முன்னால் இழுத்து வையுங்கள், உள்ளே தள்ளினால் தட்டே கூடு போல முழங்கும். அடியில் ரப்பர் துண்டு வைத்து அவர் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். 5.1 கலவையில் வசனத்தில் பெரும்பகுதி இந்த ஒரு ஸ்பீக்கரில்தான் வருகிறது.

ஆனால் உங்கள் வீட்டில் அது வேலையே செய்யவில்லை என்று சந்தேகப்படுகிறேன். ஹெட்போன் துளையிலிருந்து வருவது இரண்டு சேனல்தான். பழைய செட்டை அதன் போக்கில் விட்டால் இடது, வலது மட்டும் பாடும், செண்டர் சும்மா இருக்கும். ரிமோட்டில் "புரோ லாஜிக்" என்று இருந்தால் அழுத்திப் பாருங்கள். இரண்டு சேனலிலும் பொதுவாக இருப்பதைப் பிரித்துச் செண்டருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. செய்தியும் சீரியலும் பெரும்பாலும் ஸ்டீரியோவில்தான் வருகின்றன, அப்பா பார்ப்பதும் அவைதான். ஆகவே இந்த வசதி உங்களுக்கு 5.1ஐவிட முக்கியம்.

இனி உங்கள் முதல் கேள்வி. பழைய ஸ்பீக்கர்களை ரிசீவரில் நேராக மாட்டாதீர்கள். ரிசீவர்களின் பின்னால் பொதுவாக 6 முதல் 16 ஓம் என்று போட்டிருக்கும். 10 வோல்ட் போகும்போது 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது 1.25 ஆம்பியர், 3 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது 3.3 ஆம்பியர். நம் ஊர் வெயிலில், ஷோகேஸுக்குள், ரிசீவர் சூடாகித் தானே அணைந்துவிடும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் அதன் அவுட்புட் பகுதியே கெட்டுவிடும். இன்னொன்று, உங்கள் சப்வூஃபருக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கிடையாது. ரிசீவரின் சப்வூஃபர் துளையில் வருவது பெருக்காத லைன் சிக்னல், அதை நேராகக் கோனுக்குக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது.

நான் என்றால் இப்படிச் செலவு செய்வேன். எச்டிஎம்ஐ ஏஆர்சி உள்ள பழைய ஏவி ரிசீவர், 5.1 போதும், 10,000க்குள். ஏஆர்சி 2009ல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது, அதனால் பத்து வருடப் பழையதிலும் கிடைக்கும். ஆப்டிகலிலும் டால்பி டிஜிட்டல் 5.1 போகும், ஆனால் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. முடிந்தால் ஏஆர்சியே நல்லது, டிவி ரிமோட்டாலேயே வால்யூம் மாற்றலாம், அப்பாவுக்கு இரண்டாவது ரிமோட் தேவையில்லை. அடுத்த 10,000 முன்பக்க மூன்றுக்கு: இடது, செண்டர், வலது மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்ததாக. தனித்தனியாக வாங்கினால் ஒரே ஆளின் குரல் இடத்துக்கு இடம் மாறும். பின்பக்க ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். சப்வூஃபருக்கு டிபிஏ3116 சிப் போட்ட மோனோ ஆம்ப் போர்டு ஒன்று, அதற்கு மின்சாரம் தர 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று, இரண்டும் சேர்ந்து 2,000க்குள் வரும். போர்டு 3 ஓமைத் தாங்கும் மோனோ இணைப்பில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய ரிசீவர் வாங்கும்போது கையோடு ஒரு ஸ்பீக்கரையும் பென்டிரைவையும் கொண்டுபோய், ஒவ்வொரு சேனலாக மாட்டிக் கேளுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். அணைத்துப் போடும்போது ரிலே "டக்" என்று ஒரு முறை விழ வேண்டும், விட்டுவிட்டு விழக்கூடாது. எச்டிஎம்ஐ துளைதான் முதலில் சாகும், அதை டிவியோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ரிசீவரோடு வரும், அறையின் ஒலியை அளக்கும் மைக் தொலைந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், கையால் அளந்து வைக்கத் தெரிந்தால் அது இல்லாமலும் நடக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அப்பாவை ஒரு தடவை காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குறும்பி அடைத்திருந்தாலே இதே தொல்லை வரும்.

---

மைக்செட், நெல்லிக்குப்பம்

தம்பி, நான் முப்பது வருடமாக மைக் செட் வைத்திருப்பவன். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம். லாஸ்பேட்டை சார் சொன்னது அத்தனையும் சரி, எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்க்கிறேன்.

ஒன்று ஒயர். உங்கள் வீட்டிலிருந்து கடல் எட்டும் தூரம். உப்புக் காற்று செம்பைத் தின்னும். பழைய ஒயரின் முனையை உரித்துப் பாருங்கள், கறுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். அதை வைத்துக்கொண்டு புது ஸ்பீக்கர் வாங்குவது பாசி பிடித்த குழாயில் புது மோட்டார் போடுவது. ஸ்பீக்கர் ஒயர் என்று ஒளி ஊடுருவும் உறையில் விற்பதில் பல அலுமினியத்துக்குச் செம்பு பூசியவை. கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் எம்எம் நல்ல செம்பு ஒயரே போதும், சிவப்பில் ஒரு சுருள், கறுப்பில் ஒரு சுருள். முனைகளில் ஈயம் பற்றவைத்துவிடுங்கள், உப்பு ஏறாது. வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எல்லா முனையையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ரிசீவரைப் பல நாள் அணைத்து மூடி வைக்காதீர்கள். தினம் கொஞ்சம் ஓடினால் உள்சூட்டில் ஈரம் தங்காது.

இரண்டாவது ஃபேஸ், அதாவது ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் திசை. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறினால் நடுவில் வர வேண்டிய குரல் கரைந்துபோகும். மாட்டும் முன்பு சப்வூஃபரிலும் மற்றவற்றிலும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

மூன்றாவது, அந்த 3 ஓம் பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, மொத்தம் நாலு ஒரே மாதிரி இருக்குமே? இரண்டு இரண்டாகத் தொடர் இணைப்புக் கொடுங்கள். முதல் ஸ்பீக்கரின் மைனஸிலிருந்து இரண்டாவதின் பிளஸுக்கு. 3ம் 3ம் 6 ஓம் ஆகிவிடும், ரிசீவர் ஏற்றுக்கொள்ளும். பின்பக்கச் சேனலுக்கு அதுவே நிறைய. பக்கம் பக்கமாகப் போட்டால் 1.5 ஓம் ஆகிவிடும், அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஒரு சொந்த அனுபவம். பண்ருட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், நாலு பக்கமும் டைல்ஸ். எவ்வளவு கூட்டினாலும் நாதஸ்வரம் கேட்கும், மைக்கில் பேசுவது புரியாது. பாஸைச் சுத்தமாக இறக்கிவிட்டு ஸ்பீக்கரை ஆட்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தாழ வைத்தேன். பாதிச் சத்தத்தில் எல்லாம் புரிந்தது. அன்றிலிருந்து நான் முதலில் கை வைப்பது பெட்டி நிற்கும் இடத்தில்தான், ஆம்ப்பில் இல்லை.

---

கெடிலக்கரை, கடலூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன மூவருக்கும் நன்றி. செய்ததைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் கைதட்டினேன். தட்டிய கணத்திலேயே பதில் தெரிந்துவிட்டது, வெறும் குளியலறைபோல ஒலித்தது. இத்தனை வருடம் இந்த ஹாலில் இருந்தும் இதைக் கவனிக்கவில்லை. பரணில் அம்மாவின் கல்யாணத்துக்குக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை சுருட்டிக் கிடந்தது. வெயிலில் இரண்டு நாள் போட்டு அடித்து, புது உறை தைத்துச் சுவரில் ஒரு மரச்சட்டத்தில் கட்டி நிறுத்தினோம். அம்மா அந்த உறைக்குச் சுங்குடித் துணி எடுத்தார். பார்க்கிறவர்களுக்கு அது மெத்தை என்றே தெரியாது. நாற்காலி இரண்டடி முன்னால் வந்தது.

செண்டர் ஸ்பீக்கர் ஷோகேஸின் மேல்தட்டில்தான் இருந்தது சார், நீங்கள் சொன்ன மாதிரியே. அதைக் கீழே இறக்கும்போது அப்பா வந்து நின்றார். நான் விளக்கத் தொடங்கினேன். "நடு ஸ்பீக்கர் திரைக்கு வெளியே இருந்தா எப்படிப்பா வசனம் ஆள் வாயிலேர்ந்து வரும்?" என்றார். டாக்கீஸில் திரை முழுக்க ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும், பெரிய ஹார்ன் ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் நடுவில் நிற்கும், அந்தத் துளைகள் வழியாகத்தான் ஒலி வரும் என்று சொன்னார். வருடத்துக்கு ஒரு முறை திரைக்குப் பின்னால் போய் அந்த ஹார்னின் தூசியைத் துடைப்பது அவர் வேலையாம். வெள்ளையடிக்க வந்தவர் ஒரு தடவை திரைக்கும் சேர்த்து அடித்துவிட்டார், துளை அடைபட்டு வசனம் மங்கிப்போனது, இரண்டு நாள் ஊசியும் ஈரத்துணியுமாக உட்கார்ந்து துளைகளைத் திறந்தார்கள் என்றார். இவ்வளவு வருடம் இந்தக் கதையை நான் கேட்டதில்லை.

ஹெட்போன் ஒயரைப் பற்றிய சந்தேகமும் சரி. செண்டரில் காது வைத்துக் கேட்டேன், மௌனம். பழைய ரிமோட்டில் புரோ லாஜிக் இருந்தது, அழுத்தியதும் செய்தி வாசிப்பவரின் குரல் அதில் வந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி தூரம் வந்துவிட்டோம். அன்று இரவு அப்பா செய்தி முடியும்வரை ஹாலில் இருந்தார்.

காதையும் காட்டினோம். குறும்பி எடுத்தார்கள். மேல் சுருதி இரண்டு பக்கமும் குறைந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் கொடுத்தார்கள். 2000க்கு மேல் கோடு சரிந்து இறங்குகிறது. லாஸ்பேட்டை சார் எழுதியது அப்படியே தாளில் இருந்தது. காது மிஷின் இப்போது வேண்டாம் என்கிறார் அப்பா, ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் பேசிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் வாங்கியது. ரிசீவர் புதுச்சேரியில் ஒரு வீட்டில் 9,500க்குக் கிடைத்தது, மைக் இல்லை. முன்பக்க மூன்றும் ஒரே வரிசையில், 8 ஓம், வில்லியனூரில் வெளிநாடு போகிற ஒருவரிடம் 11,000. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சப்வூஃபர் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் 1,900. செம்பு ஒயர், ஈயம், துடைக்கும் ஸ்ப்ரே எல்லாம் 800. மொத்தம் 23,200.

மைக்செட் அண்ணே, பழைய ஒயர் முனையை உரித்தால் நீங்கள் சொன்னதுபோலப் பச்சை. ஒரு விரற்கடை அளவுக்கு உள்ளே ஏறியிருந்தது. முழுவதையும் மாற்றிவிட்டேன். பேட்டரி வைத்துப் பார்த்ததில் சப்வூஃபரின் பிளஸ் மைனஸ் தலைகீழாக இருந்தது, புயலுக்குப் பிறகு நான்தான் மாற்றி மாட்டியிருக்க வேண்டும். உப்பிய மூலையில் காற்று கசிந்து "ஃபுஸ்" என்று ஒரு சத்தம் இருந்தது, மரத்தூளும் ஃபெவிகாலும் பிசைந்து அடைத்து இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்தேன். இப்போது இல்லை. நாலு பழைய பெட்டிகளையும் தொடர் இணைப்பில் போட்டு, நாற்காலிக்கு இரண்டு பக்கமும் காதுக்குக் கொஞ்சம் மேலே மாட்டியாயிற்று.

கையால் அளந்து வைத்தது இது: மூன்று முன் ஸ்பீக்கர்களும் "ஸ்மால்", கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதற்குக் கீழான பாஸ் சப்வூஃபருக்குப் போய்விடும். சப்வூஃபரை அப்பாவின் நாற்காலி இடத்தில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, நான் தரையில் சுவரோரம் தவழ்ந்து எங்கே பாஸ் சமமாகக் கேட்கிறது என்று பார்த்தேன். ஷோகேஸின் வலது ஓரம், மூலையிலிருந்து மூன்றடி. அங்கே அது நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. டெஸ்ட் டோனில் எல்லாவற்றையும் கைப்பேசி அளவுமானியில் சமமாக்கிவிட்டுச் செண்டரை மட்டும் 3 டெசிபெல் ஏற்றினேன், டிரெபிள் இரண்டு புள்ளி கூட்டினேன். இரவு பத்துக்கு மேல் பெரிய சத்தத்தை அடக்கும் நைட் மோட். சண்டைக் காட்சியில் இப்போது பக்கத்து வீட்டில் யாரும் எழுவதில்லை.

முத்தியால்பேட்டை நண்பரே, உங்கள் அம்மா தாமே போட்டு அணைப்பதுபோல அப்பாவும் செய்ய வேண்டும் என்பதை மறக்கவில்லை. டிவி ரிமோட்டே போதுமானதாக இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது, அதையும் அப்பாவே தீர்த்தார். கேபிள் செட்டாப் பாக்ஸை ரிசீவரில் கொடுத்து அங்கிருந்து டிவிக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். எனக்கு எல்லாம் சரியாகத் தோன்றியது. அப்பா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சத்தம் முன்னால ஓடுது" என்றார். டிவி படத்தை மெருகேற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒலி முந்திவிடுகிறது போல. எவ்வளவு முந்துகிறது என்று கேட்டேன். ஃபிலிமில் ஒலிக்கோடு படத்தைவிட சுமார் 20 ஃப்ரேம் முன்னால் அச்சாகியிருக்குமாம். படம் ஒரு இடத்தில் நிற்கும், ஒலி கீழே வேறு இடத்தில் படிக்கப்படும், நடுவில் ஃபிலிமை ஒரு வளையமாக விட வேண்டும். அந்த வளையம் பெரிதானாலோ சிறிதானாலோ வாயும் பேச்சும் விலகும். மண்டபத்தின் நீளத்தையும் கணக்கில் எடுப்பார்களாம், 14 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒலி ஒரு ஃப்ரேம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே இதையெல்லாம் சொன்னார்.

பிறகு விரலை மடக்கி, "ரெண்டு ஃப்ரேம் இருக்கும்" என்றார்.

ரிசீவரில் ஒலியைத் தாமதப்படுத்தும் இடத்துக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பத்துப் பத்து மில்லி செகண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். 60ல் தலையை ஆட்டினார், இன்னும் என்று. 80 வந்ததும் "நிறுத்து" என்றார். நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் இரண்டு ஃப்ரேம் 83 மில்லி செகண்ட்.